கம்பியின் மறுமுனை

மனிதன் காட்டை வென்றது நெருப்பைக்கொண்டு அல்ல, கோடாலியைக்கொண்டும் அல்ல, வின்ச்சைக்கொண்டுதான். முப்பது மீட்டர் எஃகுக் கம்பியும் ஒரு கொக்கியும் உறுதியான ஒரு நெஞ்சும் இருந்தால், இறைவன் படைத்த எந்தச் சேற்றிலிருந்தும் மனித இனம் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இப்படி முழங்கியவர் லிப்பிஸ் வனவேங்கை வாகனக் கழகத்தின் கமாண்டர் ஷம்சூரி. முழங்கிய இடம் கழகத்தின் ஆண்டு விருந்து. அதற்கு மூன்று நாள் முன்புதான் அவருடைய வண்டி சந்தைக்குப் பின்னாலிருந்த சாக்கடையில் முன்சக்கரத்தை இறக்கியிருந்தது. வண்டியின் மூக்கில் பூட்டியிருந்த இழுவை இயந்திரம், காட்டை வென்ற அந்த வின்ச், புகைவிட்டு அணைந்துபோக, டுரியான் பழம் ஏற்றிவந்த லாரி ஒன்று கயிறு கட்டி அவரை மீட்டது. லாரிக்காரர் ஞாபகத்துக்கு ஒரு படமும் எடுத்துக்கொண்டார். விருந்துக்கு வந்திருந்த எல்லோருடைய கைப்பேசியிலும் அந்தப் படம் இருந்தது.

கமாண்டர் பட்டத்தை அவருக்கு யாரும் தரவில்லை. அவரே எடுத்துக்கொண்டார். திங்கள் முதல் வெள்ளிவரை அவர் மாவட்ட நில அலுவலகத்தில் கோப்புகளைத் தேடிக்கொடுப்பவர். சனி, ஞாயிறுகளில்தான் கமாண்டர்.

வருகிற சனிக்கிழமை கழகத்தின் பதினேழு வண்டிகளும் சுங்கை செரண்டக் ஆற்றைக் கடந்து மலைக்குப் போவதாக ஏற்பாடு. முன்வண்டியில் டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் உட்கார்ந்து வரப்போகிறார். வின்ச் இல்லாத வண்டி முன்வண்டியாக இருக்க முடியாது என்பது கழகத்தின் விதி. துணைக் கமாண்டர் ஹாஜி புர்ஹானின் வண்டியில் புத்தம்புது வின்ச் ஒன்று, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூடக் கிழிக்காமல், பொறுமையாகக் காத்திருந்தது. எனவே ஷம்சூரி பழைய வின்ச் ஒன்றை வாங்கித் தன் கையாலேயே சரிசெய்யப்போவதாக விருந்தில் அறிவித்தார். பழைய சாமானை ஒட்டுப்போடுவது என்று நாம் சொல்வதை அவர் 'மீட்டெடுப்பு' என்று சொன்னார்.

கம்பியை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கப்போவது மட்டும் அவர் இல்லை. அவர் வண்டியில் அமர்ந்து சுவிட்சைப் பிடிப்பார். கொக்கியோடு நடந்து, எதிர்க்கரை மரத்தில் மாட்டிவிட்டு, அங்கேயே நின்று குரல்கொடுப்பது அவர் மனைவி ஸலீனாவின் தம்பி ஜஸ்மான். ஏர்கான், அதாவது ஏசி, பழுதுபார்க்கிறவன். மச்சான் தனியாகப் போனால் திரும்பி வரமாட்டார் என்று அக்கா அழுததற்காகக் கழகத்தில் சேர்ந்தவன். அக்காவைப் போலவே அவரை 'அபாங்', அதாவது அண்ணன், என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவன். சுவிட்சில் இருக்கும் கட்டைவிரல் ஒரு நொடி தவறினால் மறுமுனையில் நிற்பவன் அவ்வளவுதான். போன வருடம் ஷம்சூரியின் கட்டைவிரல் அரை நொடி தவறியதில் ஜஸ்மானின் சுண்டுவிரல் இன்றுவரை மடங்குவதில்லை.

அந்த அரை நொடிக்குப் பிறகுதான் கழகக் கையேட்டில் ஏழாம் விதி ஏறியது. கொக்கிக்காரன் மலாயில் 'தாரிக்' என்றால் இழு; 'லெப்பாஸ்' என்றால் விடு. எந்தக் கட்டளை காதில் விழுந்தாலும், விழுந்த மறுகணம் அதைத் திரும்ப உரக்கச் சொல்ல வேண்டும்; சொன்ன பிறகே சுவிட்ச். சொல்ல மறந்தவன் சேற்றிலேயே இருபது தண்டால் எடுக்க வேண்டும். காட்டில் முகம் தெரியாத குரலுக்குப் பதில் கொடுக்கக் கூடாது என்று கழகத்தில் இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு நாற்பது தண்டால் கிடைத்தது. இரண்டே மாதத்தில் கழகத்தார் எல்லோருக்கும் பதில் தானாக வாயிலிருந்து வந்தது, தும்மலைப்போல.

*

புதன்கிழமை ஷம்சூரி மூன்று நாள் அவசர விடுப்பு எடுத்துக்கொண்டு பெந்தா சாலையிலிருந்த மேடம் சியூவின் பழைய இரும்புக் கொட்டகைக்குப் போனார். ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்துக் கொண்டுவந்த கார்கள் அங்கே வரிசையாக நின்றன; முகம் உண்டு, உடம்பு இல்லை. மேடம் சியூ குச்சிகளால் மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வின்ச் என்று கேட்டதும் குச்சியால் கடைசி அலமாரியைக் காட்டினார்.

அந்தத் தட்டில் அது ஒன்றுதான் இருந்தது. மற்ற தட்டுகளில் கார்புரேட்டரும் பம்ப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிதுங்கிக்கொண்டிருக்க, இதைச் சுற்றி மட்டும் ஒரு முழம் வெறுமையாகக் கிடந்தது. மூன்று மாதமாக மழை இல்லை. அலமாரிக்கு அடியில் சிமெண்டுத் தரை ஈரமாக இருந்தது.

தூக்கிக்கொண்டு போகச் சொன்னார் மேடம் சியூ, தான் தொடமாட்டாராம். ஷம்சூரி பழக்கதோஷத்தில் பேரம் பேசப்போக, அந்தம்மாள் அவர் கேட்டதற்கும் கீழே இறங்கி ஒரு விலை சொன்னார். பேரத்தில் இப்படி ஒரு தோல்வியை ஷம்சூரி கண்டதில்லை.

"கம்பிய மட்டும் அவுக்காத, போஸ்," என்றார் மேடம் சியூ. "சுத்தினபடியே அறுத்து ஓடுற தண்ணியில போட்டுரு. அப்புறம் மோட்டாரப் பாரு."

ஏன் என்று ஷம்சூரி கேட்டார்.

"ஆத்துல கிடைச்ச வண்டி. ரெண்டு பேரு போனாங்க. ஒருத்தன் கொக்கியோட நடந்தான், ஒருத்தன் சுவிட்சப் புடிச்சான். வண்டி மட்டும்தான் வந்துச்சு."

"அவங்ககிட்ட கையேடு இருந்திருக்காது," என்றார் கமாண்டர்.

மேடம் சியூ மீ ஆறிவிடும் என்று திரும்பிக்கொண்டார்.

*

வியாழக்கிழமை மதியம் வீட்டின் கார் நிறுத்தும் கொட்டகையில் வேலை தொடங்கியது. இரும்பு மேசையில் வின்ச்சை நான்கு போல்ட் போட்டு இறுக்கினார்கள். ஜஸ்மான் கிளட்ச் நெம்புகோலைச் சுத்தியலால் தட்டித் தட்டி விடுவித்தான். உள்ளே கிரீஸ் பழைய மெழுகுபோல இறுகிக் கிடந்தது. மோட்டாரைத் திறந்தால் கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தன. ஷம்சூரி ஒவ்வொரு பாகத்தையும் கையில் வாங்கி, கைப்பேசியில் படமெடுத்து, 'மீட்டெடுப்பு, முதல் நாள்' என்று கழகக் குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். படத்துக்காக நெற்றியில் கொஞ்சம் கிரீஸும் தடவிக்கொண்டார்.

கம்பி சுற்றியிருக்கும் உருளையை, டிரம்மை, கழற்ற வேண்டுமானால் கம்பி வெளியே வந்தாக வேண்டும். அறுத்துப் போடலாம் என்றான் ஜஸ்மான். அசல் கம்பியைச் சுத்தம்செய்து மறுபடி சுற்றுவதுதான் முறையான மீட்டெடுப்பு என்றார் கமாண்டர். ஜஸ்மான் கொக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தான். ஷம்சூரி டிரம்மருகில் உட்கார்ந்து கம்பி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பத்து மீட்டர் துருப்பிடித்து, காய்ந்து, கரகரவென்று வந்தது. அதற்குப் பிறகு ஈரம். இருபதில் சேறு, காய்ந்த சேறு இல்லை, இப்போதுதான் ஆற்றிலிருந்து அள்ளியதுபோல வழிகிற சேறு. அழுகிய இலையும் நனைந்த நாயும் சேர்ந்த ஒரு வாடை கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்தது. வின்ச்சின் தகட்டில் முப்பது மீட்டர் என்று பொறித்திருந்தது. ஜஸ்மான் பக்கத்து வீட்டுக் காக் மஹானியின் வேலியைத் தாண்டிப்போனான். அதற்கடுத்த வீட்டையும் தாண்டினான். தெருமுனைத் தொழுகைக்கூடமான சுராவின் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

டிரம்மில் கம்பி குறைந்ததாகவே தெரியவில்லை.

ஜஸ்மான் கொக்கியைத் தெருவிலேயே போட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அறுபது மீட்டர் நடந்திருப்பதாகச் சொன்னான். பழைய சொந்தக்காரன் நீளமான கம்பி போட்டிருக்கிறான் என்றார் ஷம்சூரி.

"முப்பது மீட்டர் டிரம்ல அறுபது மீட்டர் எங்க உக்காரும், அபாங்? உங்க மடியிலயா?"

ஷம்சூரி கம்பியின்மேல் குனிந்தார். கம்பியின் பிரிகளுக்கு நடுவே ஓர் இலை சிக்கியிருந்தது. கிள்ளினார். பால் வந்தது. பச்சை இலை.

அதற்கு ஒரு சாண் தள்ளி ஓர் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கி அவர் விரல் இருந்த பக்கம் நீட்டியது.

உயிரோடு இருந்தது.

வயிறு நிறைந்திருந்தது.

ஜஸ்மான் அதைச் செருப்பால் தேய்த்தான். தரையில் சிவப்பு பரவியது. ஜஸ்மான் வெட்டும் இயந்திரத்தை எடுக்கப் போனான். மனைவியும் காக் மஹானியும் சமையலறை ஜன்னலில் நிற்பதைக் கமாண்டர் கவனித்தார். பயந்தவர் என்று பெயர் வந்துவிடக்கூடாதே என்று தானே கையுறையை மாட்டிக்கொண்டு மீதிக் கம்பியைக் கைமேல் கையாக இழுத்துப்போட்டார். அவர் இழுக்க ஆரம்பித்ததும் அது சட்டென்று முடிந்துபோனது. அவரே வருவதற்காகக் காத்திருந்ததுபோல.

டிரம்மின் வெறும் இரும்போடு, முதல் சுற்றுக்கும் அடியில், ஒரு தோல் கையுறை அப்பளமாக நசுங்கி ஒட்டியிருந்தது. கம்பியைச் சுற்றும்போது மேலே சிக்கினால் ஒரு நியாயம் உண்டு. இது எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. யாரோ கையுறையை முதலில் வைத்து, அதன்மேல் கம்பியை ஒழுங்காக, வரிசை குலையாமல், நிதானமாகச் சுற்றியிருக்கிறார்கள்.

உள்ளே கை இல்லை. ஜஸ்மான் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

கம்பியை வளையமாகச் சுருட்டி வீட்டுக்குப் பின்னால், ரப்பர் மரங்கள் தொடங்கும் ஓரத்தில் போட்டார்கள். மறுநாள் காலையில் அது அங்கே இல்லை. இரும்பு பொறுக்குகிறவன் எடுத்துப்போயிருப்பான் என்றார் ஷம்சூரி. புல்லில் ஓர் இழுவைத் தடம் நேராக மரங்களுக்குள் போனது. பக்கத்தில் காலடி எதுவும் இல்லை என்பதை ஸலீனா பார்த்தார், சொல்லவில்லை. சொன்னால் கணவர் அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார் என்று அவருக்குத் தெரியும்.

*

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் பூட்டும் வேலை. ஆர்மேச்சரை உப்புத்தாளால் தேய்த்துச் செம்பு பளபளக்க வைத்தான் ஜஸ்மான். புது பிரஷ், புது கிரீஸ். பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று பேசாமல் கொள்ளாமல் வழவழவென்று உட்கார்ந்தன. வேலை செய்யும்போது மட்டும் அவன் மச்சானைக் குத்திப் பேசுவதில்லை. நாலு மணிக்கு பேட்டரி ஒயரைத் தொட்டுப் பார்த்தார்கள். வெறும் டிரம் முன்னால் ஒரு சுற்று, பின்னால் ஒரு சுற்று. நன்றாகவே ஓடியது. ஷம்சூரி 'மீட்டெடுப்பு, நிறைவு' என்று அனுப்பினார். ஹாஜி புர்ஹான் மட்டும் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினார். அது பாராட்டா, போன வருட நினைவூட்டலா என்று தெரியவில்லை.

பேட்டரியைக் கழற்றித் தள்ளி வைத்தார்கள். ஜஸ்மான் திருகுகளை வாயில் கவ்விக்கொண்டு மோட்டார் மூடியின்மேல் குனிந்திருந்தான். ஷம்சூரி முதுகைத் திருப்பிக்கொண்டு துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல வெயில். ரொட்டிக்காரரின் ஹார்ன் இரண்டு தெரு தள்ளிக் கேட்டது.

"தாரிக்."

"தாரிக்," என்றார் ஷம்சூரி.

ஹார்ன் சத்தம் நின்றது. சேவல்கள் நின்றன. சமையலறையில் ஸலீனா திறந்துவிட்டிருந்த குழாயும் நின்றதுபோல இருந்தது.

ஷம்சூரி திரும்பினார். ஜஸ்மான் குனிந்தபடியே, தலையை மட்டும் தூக்கி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு திருகுகளையும் ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்தான்.

"யாருக்குப் பதில் சொன்னீங்க?" மெதுவாகக் கேட்டான்.

"நீதானே சொன்னே."

"என் வாயில திருகு இருந்துச்சு, அபாங்."

டிரம் அசைந்தது.

பேட்டரி மூன்று முழம் தள்ளித் தரையில் கிடந்தது. கம்பி கிடையாது. டிரம் ஒரு பல் திரும்பியது. க்ளக். நின்றது. இன்னொரு பல்.

க்ளக்.

ஓடுகிற சத்தம் இல்லை அது. பாரம் ஏறிய வின்ச்சின் சத்தம். மறுமுனையில் கனமாக எதையோ கட்டி, அது வர மறுக்கும்போது வரும் முனகல் அது. காட்டில் நூறு தடவை கேட்டவர்கள் அவர்கள். மேசையின் போல்ட்டுகள் முறுகின. இரும்பு மேசை சிமெண்டைக் கீறிக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தது.

ரப்பர் மரங்களின் பக்கமாக நகர்ந்தது.

மறுபடி ஒரு சாண்.

ஜஸ்மான் கடப்பாரையைப் பல்சக்கரத்துக்குள் சொருகினான். அது நின்றது. சேவல் கூவியது, குழாய் ஓடியது, ரொட்டிக்காரர் ஹார்ன் அடித்தார். சமையலறைக் கதவில் வந்து நின்ற ஸலீனா, "என்ன அபாங், தோட்டத்துக்குள்ள நின்னு உங்க குரல்ல யாரோ கத்துறாங்க?" என்று கேட்டார்.

*

நாளைக்குக் கொக்கியைத் தொடமாட்டேன் என்று ஜஸ்மான் சொன்னான். பாயப்போகிற வேங்கை பின்வாங்கினால் கழகத்துக்கு அவமானம் என்று ஷம்சூரி சொன்னார். வேங்கையா, பூனைக்குட்டியா என்று லாரிக்காரரின் படத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று ஜஸ்மான் சொன்னான். அதற்குப் பிறகு நடந்த பேச்சில் ஸலீனாவின் குடும்பம் முழுவதும் வந்தது, ஷம்சூரியின் சம்பளமும் வந்தது. கடைசியில், டத்தோவுக்கு முன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஷம்சூரி முடித்தார். வின்ச்சில் புது நைலான் கயிறு சுற்றி வண்டியில் பூட்டியாயிற்று. பழைய கம்பிதான் பிரச்சினை, அது போய்விட்டது என்பது அவர் வாதம். எங்கே போயிற்று என்பதை அவர் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணி. சுங்கை செரண்டக் தேநீர் நிறத்தில் இடுப்பளவு ஓடியது. பதினாறு வண்டிகள் கரையில் இயந்திரத்தை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தன. டத்தோ முன்வண்டியில் ஏர்கானைப் போட்டுக்கொண்டு மீன் வறுவல் கொறித்துக்கொண்டிருந்தார். ஜஸ்மான் வந்திருந்தான். அக்கா அழுதிருப்பார். வண்டிக்கு முன்னால் வந்து நின்று, ஷம்சூரியின் கையிலிருந்த சுவிட்சை மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"சுவிட்ச் என்கிட்ட. கொக்கி உங்ககிட்ட."

எல்லோரும் கேட்கும்படி சொன்னான். ஷம்சூரி சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. முடியாது என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் வெள்ளிக்கிழமையைச் சொல்ல வேண்டும். ஹாஜி புர்ஹான் தன் வின்ச்சின் பிளாஸ்டிக் தாளை நகத்தால் சுரண்ட ஆரம்பித்திருந்தார். டத்தோ கண்ணாடியை இறக்கி, கமாண்டரே முன்னால் போவதுதான் தலைமை என்று பாராட்டினார்.

பதினோரு வருடம் கமாண்டராக இருந்தவர் முதல்முறையாகக் கொக்கியோடு ஆற்றில் இறங்கினார்.

எதிர்க்கரையில் ஒரு பெரிய மெராந்தி மரம். வெயில் அங்கே எட்டவில்லை. அடிமரத்தைச் சுற்றிப் பட்டைப் பெல்ட்டைப் போட்டார். ஷேக்கிள் என்னும் இரும்பு வளையத்தை மாட்டினார், கொக்கியைப் பூட்டினார். பெல்ட் முறுக்கிக்கொண்டிருந்தது. நேராக்குவதற்காக இடது கையின் நான்கு விரல்களை அதற்கும் மரத்துக்கும் இடையே விட்டார். கட்டளை சொல்லாமல் கயிறு இறுகாது. அது அவர் எழுதிய விதி.

அழுகிய இலை வாடை வந்தது. நனைந்த நாய் வாடை.

மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவர் காதுக்கு ஒரு முழம் தள்ளி, அவருடைய குரல் அவரைவிடக் கம்பீரமாகச் சொன்னது.

"தாரிக்."

"தாரிக்," என்று ஆற்றுக்கு அப்பால் ஜஸ்மான் திரும்பச் சொன்னான்.

கயிறு நீரிலிருந்து எழுந்தது. பெல்ட் மரத்தைக் கவ்வியது, விரல்களோடு.

லெப்பாஸ் என்று கத்தினார். கத்தியது அவருக்கே கேட்கவில்லை. அவர் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் மரத்துக்குப் பின்னாலிருந்த வாயும் திறந்தது.

"தாரிக்."

"தாரிக்," என்றான் ஜஸ்மான்.

எலும்பு ஒன்று சின்னதாகச் சத்தமிட்டது. மரப்பட்டையின் மறுபுறத்தில் யாரோ கன்னத்தைச் சாய்த்து நிற்பதுபோல ஈர மூச்சு கேட்டது. அந்த மூச்சுக்கு அவசரமே இல்லை.

"தாரிக்."

இந்த முறை அக்கரையிலிருந்து பதில் வரவில்லை.

ஜஸ்மான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னாளில் அக்காவிடம் அவன் சொன்னது இதுதான்: லெப்பாஸ் என்று சொல்லும்போது உதடு ஒட்டும், தாரிக் என்று சொல்லும்போது ஒட்டாது. மச்சானின் உதடு கத்திய ஒவ்வொரு தடவையும் ஒட்டியது.

அவன் சுவிட்சை விட்டான். டிரம் நிற்கவில்லை. பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். ஏர்கான் நின்றது, டத்தோ ஏதோ கேட்டார், டிரம் நிற்கவில்லை. இடுப்புக் கத்தியை எடுத்துக் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினான்.

ஷம்சூரி சேற்றில் உட்கார்ந்தார். அறுந்த கயிறு ஆற்றில் விழவில்லை. நீரின்மேல் நழுவி வந்தது. மரத்தை உரசிக்கொண்டு, அவர் மடியின்மேல் ஏறி இறங்கி, பெல்ட்டையும் ஷேக்கிளையும் கொக்கியையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போனது. ஒரு முழம் போகும், நிற்கும். ஒரு முழம் போகும், நிற்கும். யாரோ கைமேல் கையாக, நிதானமாக இழுப்பதுபோல.

அவரைக் கூட்டிவந்து கையில் கட்டுப்போட்டார்கள். இரண்டு விரல் முறிவு. நடந்தது முன்கூட்டியே திட்டமிட்ட பாதுகாப்பு ஒத்திகை என்று அவர் டத்தோவிடம் விளக்கினார். டத்தோ கைதட்டினார், பிறகு ஹாஜி புர்ஹானின் வண்டியில் ஏறிக்கொண்டார், அங்கே ஏர்கான் ஓடியது. ஜஸ்மான் யாரையும் கேட்காமல் வின்ச்சைக் கழற்றி ஆற்றின் ஆழமான இடத்தில் தூக்கிப்போட்டான். அத்தனை கனமான இரும்பு விழுந்தும் சத்தம் வரவில்லை.

*

மறுநாள் ஞாயிறு மதியம் கடைத்தெரு உணவுக்கடையில் கழகத்தின் அவசரக் கூட்டம். கடைக்கு வெளியே பதினேழு வண்டிகளும் மூக்கைக் கடைப்பக்கம் வைத்து வரிசையாக நின்றன. பொருள் ஒன்றே ஒன்று: ஷம்சூரி கமாண்டராக நீடிக்கலாமா? ஹாஜி புர்ஹான் மிகவும் வருத்தத்தோடு, வேறு வழியில்லாமல், எழுதி வைத்துக்கொண்டு பேசினார். இரண்டு குரல் கேட்டதாகக் கரையில் நின்ற பலர் சொன்னார்கள். ஜஸ்மான் மூலையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கேட்டபோது தோளைக் குலுக்கினான்.

ஷம்சூரி கட்டுப்போட்ட கையை மேசைமேல் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு பதில் சொன்னார். காட்டில் குரல் என்று எதுவும் இல்லை. இருந்தது ஒழுக்கக்குறைவு மட்டுமே. விதியைக் கடைசிவரை கடைப்பிடிக்காமல் சுவிட்ச்காரன் பதில் சொல்வதை நிறுத்தியதுதான் விபத்துக்குக் காரணம். இந்தக் கழகத்தைப் பதினோரு வருடமாகக் கட்டிக் காத்தது பயம் அல்ல, பயிற்சி. நன்றாகப் பேசினார். நாலைந்து தலைகள் ஆடத் தொடங்கின. புர்ஹான் காகிதத்தை மடித்தார். ஷம்சூரி தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தார்.

கடையின் பின்கட்டிலிருந்து, அண்டா கழுவும் இடத்திலிருந்து, கடைக்காரர் ஆர்டர் சொல்வதுபோல ஒரு குரல் வந்தது.

"தே..." என்று இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, "தாரிக்."

யாரும் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய தேநீர், கேட்டிருக்கவில்லை. எல்லோருடைய டம்ளரும் நிறைந்திருந்தது. கடைக்காரர் கல்லாவில் இருந்தார். அது ஷம்சூரியின் குரல். ஷம்சூரியின் வாயில் தண்ணீர் இருந்தது.

ஆனால் இரண்டு மாதப் பயிற்சி வீண்போகவில்லை.

"தாரிக்," என்றார்கள் கழகத்தார், ஒரே வாயாக. புர்ஹானும் சொன்னார். ஜஸ்மான் மட்டும்தான் சொல்லவில்லை. அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

மின்விசிறி நின்றது. தெருவில் மோட்டார்சைக்கிள் சத்தம் நின்றது.

வெளியே, வெயிலில், இயந்திரம் அணைந்து நின்ற வண்டிகளில் ஏதோ ஒன்றின் டிரம் ஒரு பல் திரும்பியது.

க்ளக்.

பிறகு அடுத்ததன் டிரம். பிறகு அதற்கடுத்தது. புர்ஹானின் வின்ச்சில் பாதி கிழிந்த பிளாஸ்டிக் தாள் மெல்ல உள்ளே சுருண்டது. வண்டிகள் ஒவ்வொன்றாக, கை பிரேக் போட்டபடியே, சக்கரம் உருளாமல், தாரைத் தேய்த்துக்கொண்டு கடைக்கு ஒரு சாண் கிட்டே வந்தன.

யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த கட்டளை வருமோ என்று பயந்து சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

கமாண்டரின் காற்சட்டை நனைந்து, நாற்காலியிலிருந்து சிமெண்டுத் தரைக்கு நீர் சொட்டும் சத்தம் கேட்டது. எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

ஆற்றுத் தண்ணீர் என்று ஷம்சூரி சொன்னார்.

ஆற்றுத் தண்ணீர் அல்ல.